மடியில் இருக்கும் பொட்டலம்

கேள்வி: ஐயா, இருபது வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறேன். மூன்று முறை விட்டும், நடவு தொடங்கியதும் மறுபடி தொற்றிக்கொள்கிறது. எனக்கு மன உறுதி இல்லையா?
– விவசாயி, பாபநாசம்

பதில்: மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள். நானும் திருவையாற்றில் பதினைந்து வருடம் போட்டவன். வரப்பில் உட்கார்ந்து டீ குடித்து முடித்ததும் கை தானாக மடிக்குப் போகும். பொட்டலம் பிரியும் சரசரப்புக்கே வாயில் நீர் ஊறும். உங்களை வீழ்த்துவதும் அந்த டீ நேரமாகத்தான் இருக்கும். டீயை நான் வீட்டுத் திண்ணைக்கு மாற்றினேன். மடியில் வறுத்த சோம்பு வைத்துக்கொண்டேன். முதல் வாரம் தலைவலி, எரிச்சல் வரும். அது புகையிலையில் உள்ள நிக்கோட்டின் உடம்பை விட்டு இறங்கும் வேலை, பயப்படாதீர்கள்.

"வெறும் பாக்குதானே" என்ற சமாதானம் மட்டும் வேண்டாம். புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-லேயே சொல்லிவிட்டது.

லண்டன் ஆய்வு ஒன்றில், புதுப் பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் புகையிலையை விடத் தொடங்கினால், குறுவை அறுப்புக்குள் அந்த 66 நாளைத் தாண்டிவிடுவீர்கள். தடுமாறினால், புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், நடவு முடியட்டும் என்று காத்திருக்காமல் நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.