ஹள்ளியா, அள்ளியா? ஊர்க் கையேடு தொகுப்பவருக்குச் சில யோசனைகள்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. பாலக்கோடு வட்டத்து ஊர்கள், ஏரிகள், நடுகற்கள், கோயில்கள் பற்றி அகரவரிசையில் ஒரு கையேடு தொகுத்து வருகிறோம். ஐந்து பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் தருமபுரி என்கிறார், இன்னொருவர் தர்மபுரி. மாரண்டஹள்ளியை ஒருவர் மாரண்டஅள்ளி என்று எழுதியிருக்கிறார். எண்களும் நிறுத்தக்குறிகளும் ஆளுக்கு ஒரு விதம். ஆங்கிலத்தில் பெயர் என்றால் பெரிய எழுத்து போடுகிறார்கள், தமிழில் என்ன செய்வது என்று என் பேரன் கேட்கிறான். எங்கிருந்து தொடங்கட்டும்?

பதில்: அம்மா, பெயர்களிலிருந்து தொடங்குங்கள். கையேட்டை யாரும் கதைப் புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. தனக்கு வேண்டிய ஊரைத் தேடி எடுப்பார், பார்ப்பார், மூடி வைப்பார். அந்தத் தேடல் பிசகாமல் இருப்பதற்காகத்தான் எழுத்தொழுங்கு.

ஒகேனக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் என்று தலைச்சொல் (பதிவின் முகப்பில் நிற்கும் பெயர்) வைத்தால் அது உயிரெழுத்துகளோடு முன்பக்கங்களில் வரும். ஹொகேனக்கல் என்று வைத்தால், ஹ, ஜ, ஷ போன்ற கிரந்த எழுத்துகள் அகரவரிசையின் கடைசியில் நிற்பதால், புத்தகத்தின் வால்பகுதிக்குப் போய்விடும். ராயக்கோட்டை ரகரத்தில் வரும், இராயக்கோட்டை இகரத்தில் வரும். ஐந்து பேரில் இருவர் ஒரு மாதிரியும் மூவர் ஒரு மாதிரியும் எழுதி, அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் ஒரே ஊருக்கு இரண்டு பதிவுகள் உருவாகும். ஒன்றைப் பார்த்தவர் மற்றொன்று இருப்பதையே அறியமாட்டார்.

என் யோசனை இது. தலைச்சொல்லுக்கு மாவட்ட நிர்வாகம் இன்று தமிழில் எழுதும் வடிவத்தை வையுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி, ஒகேனக்கல். மற்ற வடிவங்களுக்கு அவை வரவேண்டிய இடத்தில் ஒரு வரி போதும்: ‘தர்மபுரி: காண்க தருமபுரி’. கிருஷ்ணகிரியைக் கிருட்டிணகிரி என்று எழுத வேண்டும் என்பாரும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊர்ப்பலகையிலும் பேருந்திலும் பார்த்த பெயரைத்தான் தேடுகிறவர் தேடுவார். அவரை நினைத்து முடிவெடுங்கள்.

ஹள்ளி, அள்ளி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இது வெறும் எழுத்துப் பிழை விவகாரம் அல்ல. பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறியது. நம் ‘பள்ளி’தான் அங்கே ‘ஹள்ளி’ ஆயிற்று. நம் மாவட்டத்தில் நல்லம்பள்ளியும் இருக்கிறது, மாரண்டஹள்ளியும் இருக்கிறது, பேச்சில் அள்ளியும் இருக்கிறது. இரண்டு மொழிகள் ஒரே மண்ணில் கலந்து வாழ்ந்ததற்கு இந்த மூன்று ஈறுகளும் சாட்சி. எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தால் அந்தச் சாட்சி அழிந்துபோகும். ஆகவே தலைச்சொல்லில் ஒரு வடிவம் போதும். பதிவுக்குள்ளே ‘ஊரார் வழங்குவது: மாரண்டஅள்ளி’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கட்டும். பத்திரத்திலிருந்தோ கல்வெட்டிலிருந்தோ மேற்கோள் காட்டும்போது அங்கே உள்ளபடியே விட்டுவிடுங்கள்.

மாவட்டப் பெயரிலும் இதே கவனம் தேவை. தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 2.10.1965 அன்று. அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 9.2.2004 அன்று. பழைய நூலில் ‘சேலம் மாவட்டம், ஓசூர்’ என்று இருந்தால் அது தவறல்ல, அந்தக் காலத்து உண்மை. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியைப் பற்றி எழுதும்போது ‘அன்றைய சேலம் மாவட்டம், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று இரண்டையும் சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

அவர் பெயரிலேயே தலைப்பெழுத்துச் சிக்கலும் இருக்கிறது. சி. ராஜகோபாலாச்சாரி என்பதில் உள்ள ‘சி’ ஆங்கில எழுத்தின் ஒலி. ச. இராசகோபாலாச்சாரி என்பதில் உள்ள ‘ச’ சக்கரவர்த்தி என்ற பெயரின் முதலெழுத்து. இரண்டும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை ஒரு பக்கத்தில் எஸ். என்றும் அடுத்த பக்கத்தில் சு. என்றும் போட்டால், அண்ணன் தம்பி இருவர் என்றே இருபது ஆண்டு கழித்துப் படிப்பவர் நினைப்பார். அவரவர் கையெழுத்தில் எப்படி எழுதினாரோ அதை வையுங்கள். புள்ளிக்குப் பிறகு ஓர் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதை ஒருமுறை முடிவு செய்து கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பேரனின் கேள்வி. நல்ல கேள்வி அது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. பெரும்பாலும் அதனால் நமக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ‘ஊருக்கு மேற்கே பெரிய ஏரி உள்ளது’ என்று உங்கள் கையேட்டில் வந்தால், பெரியதாக ஓர் ஏரி இருக்கிறதா, ‘பெரிய ஏரி’ என்பதே அதன் பெயரா? நம் பக்கத்து ஊர்களில் இரண்டும் நடக்கும். வேடியப்பன் இன்னொரு உதாரணம். இங்கே நடுகல்லையே வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், ஆளுக்கும் அந்தப் பெயர் வைக்கிறார்கள். ‘வேடியப்பன் நிலத்தில் உள்ளது’ என்றால் கோயில் நிலமா, அந்தப் பெயருள்ள ஒருவரின் நிலமா? இப்படிப்பட்ட இடத்தில் சொல்லால்தான் தெளிவுபடுத்த வேண்டும்: ‘பெரிய ஏரி எனப்படும் ஏரி’, ‘வேடியப்பன் கோயில் நிலம்’. நூல், இதழ்ப் பெயர்களுக்கு மட்டும் ஒற்றை மேற்கோள்குறி போடலாம். சாய்வெழுத்து வேண்டாம். தமிழ் எழுத்துகளைச் சாய்த்தால் சுழிகள் நெருங்கிக் கண்ணை உறுத்துகின்றன. தலைச்சொல் ஒன்றுக்குத்தான் தடித்த எழுத்து.

எண்களில்தான் அதிகம் இடறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் மலருக்கு நான் மெய்ப்புப் பார்த்தேன். கோயில் நிலத்தின் பரப்பு பட்டாவில் 0-5.00 என்று இருந்தது. பட்டாவில் கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர், அதாவது ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு. ஆக, அந்த நிலம் வெறும் 5 ஏர், ஏறக்குறைய 12 சென்ட். கட்டுரையாளர் கோட்டைப் புள்ளியாக்கி 0.5 ஹெக்டேர் என்று எழுதியிருந்தார். அது 50 ஏர், ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அச்சாகி வந்த பிறகு, பக்கத்து நிலத்துக்காரர் மலரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கோயில் தன் நிலத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டது என்று அவர் நினைத்ததில் என்ன தவறு? ஒரு சின்னக் கோடு பத்து மடங்கு நிலத்தை உண்டாக்கிவிட்டது. அன்றிலிருந்து அளவு வரும் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு வைத்து விரலால் தொட்டுப் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்று வேண்டிக் கேட்கிறேன்.

ஏக்கரிலும் இந்தக் கண்ணி உண்டு. 2 ஏக்கர் 5 சென்டைப் பேச்சுவாக்கில் ‘ரெண்டு அஞ்சு’ என்போம். அதை 2.5 என்று எழுதினால் இரண்டரை ஏக்கர் ஆகிவிடும். சரியானது 2.05. புள்ளியையே தவிர்த்து ‘2 ஏக்கர் 5 சென்ட்’ என்று அலகோடு எழுதுவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். பட்டா அளவைக் காட்டும்போதும் ‘5 ஏர்’ என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

எதை எண்ணால், எதை எழுத்தால் என்று கேட்டால், கையேட்டில் ஆண்டு, அளவு, தொலைவு, தொகை எல்லாம் எண்ணால். ‘ஒரு நடுகல்’, ‘நாலைந்து வீடுகள்’ போன்றவை எழுத்தால். ‘1 நடுகல்’ என்று எழுதினால் படிக்கிறவர் நாக்கு தடுக்கும். பெரிய தொகைக்கு நம் லட்சக் கணக்குப்படி காற்புள்ளி: 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்ட மக்கள்தொகை 15,06,843. ஆங்கில இணையப் பக்கத்திலிருந்து எடுத்த ஒருவர் 1,506,843 என்று எழுதியிருப்பார், மாற்றிவிடுங்கள். ஆண்டுக்குக் காற்புள்ளி கிடையாது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்புக்காலத்துக்குக் கிடைத்த காலக்கணிப்பை கி.மு. 2172 என்று எழுத வேண்டும். ‘ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்’ என்றால் அது எண்ணிக்கை, அங்கே காற்புள்ளி வரும். கி.மு. என்பதா பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) என்பதா? எதுவானாலும் சரி, நூல் முழுக்க ஒன்றாக இருக்கட்டும். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் வெவ்வேறு கணக்கு என்று மாணவர்கள் மயங்குகிறார்கள்.

1965-ல், 1965ல், 1965இல் என்ற மூன்றில் நான் 1965இல் என்பதையே வைக்கிறேன். சிறுகோட்டுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது என்பதே காரணம். சக ஆண்டு (கல்வெட்டுகளில் வரும் ஒரு பழைய ஆண்டுக் கணக்கு) 1200 என்று ஒரு கல்வெட்டில் இருந்தால் 78 கூட்டி கி.பி. 1278-79 என்று போடுவோம். சக ஆண்டு நம் மார்ச் மாதவாக்கில் தொடங்குவதால் இரண்டு ஆங்கில ஆண்டுகளைத் தொடுகிறது, அதைத்தான் அந்தக் கோடு சொல்கிறது. அதே கோட்டை வேற்றுமை உருபுக்கு முன்னாலும் போட்டால், வரிக் கடைசியில் ‘1965-’ என்று முறிந்து நிற்கும்போது அடுத்த ஆண்டு எங்கே என்று கண் தேடும்.

நிறுத்தக்குறிகள் எல்லாவற்றுக்கும் இப்படியே ஒரு குறிக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். சதுர அடைப்பைக் கல்வெட்டுப் பாடத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுப் பதிப்புகளில் சிதைந்து ஐயமாகத் தெரியும் எழுத்தைச் சதுர அடைப்பில் இடுவார்கள். கல்லில் விடுபட்டுப் பதிப்பாசிரியர் சேர்த்த எழுத்தோடு உடுக்குறியும் (*) போடுவார்கள். உங்கள் விளக்கம், மாற்றுப்பெயர் முதலியவற்றுக்குப் பிறை அடைப்பு. கல்வெட்டு வாசகத்துக்குள் காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ சேர்க்காதீர்கள். அதைச் செதுக்கியவர் அப்படி எதுவும் இடவில்லை. பல கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இருக்காது. எங்கே வாக்கியம் முடிகிறது என்பது நம் ஊகம், அதைக் கீழே உரையில் சொல்லலாம்.

ஒரு பதிவில் பல ஊர்களும் அவற்றின் அளவுகளும் அடுக்கி வரும்போது அரைப்புள்ளி கைகொடுக்கும்: ‘காரிமங்கலம், 2 நடுகற்கள்; பாப்பாரப்பட்டி, ஒன்று’ என்பது போல (இந்த எண்ணிக்கை உதாரணத்துக்குச் சொன்னது). உம்மை வந்த அடுக்கில் காற்புள்ளி வேண்டியதில்லை, ‘மாவும் புளியும் தென்னையும்’ என்பதே தெளிவாக இருக்கிறது.

கல்வெட்டில் தமிழ் எண் இருந்தால் மேற்கோளில் அப்படியே வைத்து, பக்கத்தில் இன்றைய எண்ணைத் தாருங்கள். ௰௪ என்பது 14. பழைய முறையில் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் உண்டு. தட்டச்சில் ஓர் எச்சரிக்கை: ௧ என்ற எண்ணும் ககரமும், ௭ என்ற எண்ணும் எகரமும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு வேறு. உங்களில் யாரோ எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டியிருக்கக்கூடும். கோப்பைத் தேடிப் பார்த்துத் திருத்துங்கள்.

தேடித் திருத்தும்போது ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற பொத்தானை மட்டும் தொடாதீர்கள். தர்மபுரியைத் தருமபுரியாக்கும் ஒரே அழுத்தில், மேற்கோளில் இருப்பதும் பழைய நூல் தலைப்பில் இருப்பதும் சேர்ந்து மாறிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். இன்னொன்று, பாலக்கோடு என்று தேடினால் ‘பாலக்கோட்டில்’, ‘பாலக்கோட்டுக்கு’ அகப்படாது. ‘பாலக்கோ’ என்று பாதிப் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு முழுத்தாளை எடுத்து, முடிவு செய்த ஒவ்வொன்றையும் ஒரு வரியாக, ஓர் உதாரணத்தோடு எழுதி, ஐந்து பேருக்கும் நகல் கொடுங்கள். புதிய சந்தேகம் வரும்போது தீர்ப்பு ஒருவருடையதாக இருக்கட்டும், அது நீங்களாக இருப்பதே நல்லது. இந்தத் தாளையே சற்று விரித்து நூலின் தொடக்கத்தில் ‘இக்கையேட்டைப் பயன்படுத்தும் முறை’ என்று அச்சிடலாம்.

எந்த இடத்தில் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஹகரம் வரும் தலைச்சொற்களை எல்லாம் முதலில் தனியே எழுதி வையுங்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும், ஐந்து பேரும் எங்கெங்கே பிரிகிறார்கள் என்பது அந்த ஒரு பட்டியலிலேயே தெரிந்துவிடும்.