தோட்டக் கோயிலின் பழைய உற்சவர் சிலையை வெளிநாட்டவருக்கு விற்கலாமா?

கேள்வி சுருக்கமாக: இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றில், தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த வெண்கல முருகன் இருக்கிறது. கும்பாபிஷேகத்தோடு புதுச் சிலை வந்துவிட்டது. பழையதை வாங்க வெளிநாட்டவர் ஒருவர் விலை பேசுகிறார். "1815க்குப் பிறகு இலங்கைக்கு வந்தது, அதனால் தொல்பொருள் இல்லை" என்று கமிட்டியில் ஒருவர் சொல்கிறார்.

1815 என்பதை அவர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், அதை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் தவறிவிட்டார். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைக்கிறது. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. ஆனால் சட்டம் கேட்பது சிலை வந்த நாளை அல்ல, வார்த்த நாளை. இலங்கையில் இருக்கிற பொருள் அந்தத் தேதிக்கு முந்தியது என்றால் தொல்பொருள்தான், தஞ்சாவூரில் வார்த்ததாக இருந்தாலும். பீடத்தில் "1892 உபயம்" என்று வெட்டியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பீடத்தைப் பிறகு செய்து சேர்ப்பது வழக்கம், உருவம் அதைவிட நூறு வருடம் பழையதாக இருக்கலாம். பொருத்திய இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்து, தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். நகைக்கடைக்காரர் பார்த்துச் சொல்லும் வயது எங்கும் செல்லாது.

சரி, 1815க்குப் பிந்தியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 50 வருடத்துக்கு மேற்பட்ட எதையும் சுங்கம் பழம்பொருளாகத்தான் பார்க்கும். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டம் ஏற்றுமதியையும் வியாபாரத்தையும் அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஏட்டுச்சுவடிக்கும் இதே கதிதான். "பித்தளைச் சாமான்" என்று எழுதிப் பொதியில் போட்டால் பொய்ப் பிரகடனம் என்ற இன்னொரு குற்றமும் சேரும்.

இதற்கெல்லாம் முன்னே கேட்க வேண்டியது, விற்க நீங்கள் யார் என்பது. தோட்ட நிலம் பெரும்பாலும் அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் கையில் இருக்கிறது. அதனால் துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், கடிதம் வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். நிலம் வேறு, சிலை வேறு. பக்தர்கள் சாமிக்குக் கொடுத்ததைக் கமிட்டி பொறுப்பாக வைத்திருக்கிறதே தவிர, அது கமிட்டியின் சொத்து அல்ல. நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின்படி, கோயிலில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றம் போகலாம். நம் நாட்டுச் சட்டத்தில் பொதுவாக, உரிமை இல்லாதவரிடம் வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் அவருக்கு உரிமை வந்துவிடாது.

சிலையை ஆற்றில் விடுவோம், உருக்கிப் புது மணி வார்ப்போம் என்ற பேச்சும் வரும். தொல்பொருளாக இருந்தால் அழிப்பதே குற்றம். புளி, சாம்பல் போட்டுத் தேய்ப்பதையும் நிறுத்துங்கள். பச்சை படிந்த மேல்தோலும் மங்கிய எழுத்தும் போனால் வயதைச் சொல்லும் சாட்சியும் போய்விடும்.

இப்போது செய்ய வேண்டியது பதிவுதான். நான்கு பக்கமும் அடிப்பாகமும், பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படமெடுங்கள். உயரம், அகலம், எடை குறித்துக்கொள்ளுங்கள். வார்ப்பு ஓட்டை, ஒடிந்த விரல், ஈயம் வைத்து ஒட்டிய இடம், இவற்றைத் தனித்தனியாக எடுங்கள். ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும் முருகன்களில் உங்கள் முருகனைப் பிரித்துக் காட்டுவது இந்தக் குறைகள்தான். திருட்டுப் போனபின் "பழைய சிலை ஒன்று" என்று மட்டும் பொலிசில் எழுதினால், ஏலத்தில் கண்ணெதிரே வந்தாலும் கேட்க முடியாது. இன்டர்போலின் களவுபோன கலைப்பொருள் பட்டியலுக்கும் இந்த விபரம்தான் வேண்டும். ஒரு பிரதி கமிட்டி கூட்ட அறிக்கையோடு இருக்கட்டும், இன்னொன்று தோட்டத்துக்கு வெளியே ஒருவரிடம்.

தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டும்போது காசோ சிலையோ கிடைத்தால் நிலைமை வேறு: மண்ணுக்குள் கிடந்த தொல்பொருள் அரசின் சொத்து. தோண்டுவதை நிறுத்திவிட்டு உடனே பொலிசுக்கோ பிரதேச செயலகத்துக்கோ அறிவியுங்கள். சொந்தக் காணியாக இருந்தாலும் தொல்பொருள் தேடித் தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும்.