செடியிலிருந்து வந்த மாத்திரைதானே, இன்னும் இரண்டு போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. கால் பெருவிரல் மூட்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடித்துப்போகிறார். கவுட் என்று சொல்லி, டாக்டர் கோல்சிசின் 0.5 மில்லிகிராம் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அது ஒரு 'தாவர அல்கலாய்டு' என்று படித்தேன். அப்படியென்றால் என்ன? செடிச் சரக்குதானே, வலி அடங்காவிட்டால் கூடுதலாகப் போடலாமா? கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறார். நேற்று இருமலுக்கு வேறொரு டாக்டர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்.

பதில்: உங்கள் கடைசி வரிதான் அவசரம், அதை முதலில் பார்ப்போம். கோல்சிசினும் கிளாரித்ரோமைசினும் ஒன்றாகப் போகக் கூடாது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டருக்கு போன் செய்து இரண்டின் பெயரையும் சொல்லுங்கள். கோல்சிசினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையும், அதைக் குடலுக்குள்ளேயே திருப்பித் தள்ளும் புரதத்தையும் கிளாரித்ரோமைசின் தடுத்துவிடும். விழுங்கியது ஒரு மாத்திரைதான் என்றாலும், ரத்தத்தில் பல மாத்திரைக்கு உரிய அளவு ஏறிவிடும். இந்தச் சேர்க்கையால் உயிரிழந்தவர்கள் உண்டு, அதிலும் சிறுநீரகம் பலவீனமானவர்கள்தான் அதிகம். வெராபமில், டில்டியாசெம், சைக்ளோஸ்போரின், சில பூஞ்சைக்கொல்லி மருந்துகள் ஆகியவற்றோடும் இதே கவனம் வேண்டும். ஸ்டாட்டினோடு சேரும்போது சிலருக்குத் தசை பாதிக்கப்படும். படி ஏறும்போது தொடை தளர்கிறது என்று அப்பா சொன்னால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, அல்கலாய்டு என்றால் என்ன? தாவரங்கள் உண்டாக்கும், நைட்ரஜன் உள்ள சேர்மங்களுக்குப் பொதுவான பெயர் அது. பெரும்பாலானவை காரத்தன்மை (ஆல்கலி) உள்ளவை என்பதால் இந்தப் பெயர் வந்தது. மார்ஃபின், குயினைன், காஃபின், நிக்கோட்டின் எல்லாமே இந்தக் குடும்பம்தான். எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னினும் இதே குடும்பம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். செடியைப் பொறுத்தவரை இவற்றில் பல, தன்னைத் தின்ன வருவதைத் தடுக்கும் ஆயுதங்கள். அதனால் 'செடியிலிருந்து வந்தது' என்பது ஒரு மருந்தின் பிறப்பிடத்தைச் சொல்லுமே தவிர, அது சாதுவானது என்பதற்குச் சான்றாகாது.

கோல்சிசின் 1820-இல் கோல்சிகம் என்ற செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கருங்கடல் கரையில் இருந்த கோல்கிஸ் என்ற பழைய நாட்டின் பெயர்தான் அந்தச் செடிக்கு. நமக்குத் தெரிந்த செங்காந்தளிலும் இதே பொருள் இருக்கிறது. அதன் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. மாத்திரைக்குப் பதில் கிழங்கைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு கிழங்கில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது.

இந்த மருந்து வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால், ஏன் கூட்டிப் போடக் கூடாது என்பதும் புரிந்துவிடும். கவுட் வந்த மூட்டில் யூரிக் அமிலம் ஊசி ஊசியான படிகமாகத் தங்கியிருக்கும். அதை எதிரி என்று நினைத்து வெள்ளணுக்கள் கூட்டமாகப் பாய்வதுதான் அந்தச் சிவப்பும் வீக்கமும். ஒரு வெள்ளணு நகர வேண்டுமானால் அதற்குள் டியூபுலின் என்ற புரதத்தாலான நுண்குழாய்கள் சாரம் கட்டியதுபோல் எழும்ப வேண்டும். கோல்சிசின் டியூபுலினைப் பிடித்துக்கொள்ளும், சாரம் எழாது, வெள்ளணுவின் பாய்ச்சல் அடங்கும். ஆனால் உடம்பில் எந்த செல் இரண்டாகப் பிரிவதற்கும் அதே நுண்குழாய்கள்தான் வேண்டும். ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பவை குடலின் உட்படலமும் எலும்பு மஜ்ஜையும். அதனால்தான் அளவு மிஞ்சும்போது வாந்தியும் வயிற்றுப்போக்கும் முதலில் வருகின்றன, அப்புறம் ரத்த அணுக்கள் குறைகின்றன.

முன்பெல்லாம் வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு தடவை கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் கொடுத்ததையும், ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராமோடு நிறுத்தியதையும் ஒப்பிட்டார்கள். வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. வயிற்றுப்போக்கு மட்டும் முதல் குழுவில் 77 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 23 சதவீதம் பேருக்கு. ஆக, கூட்டிப் போட்டு லாபமே இல்லை. வலி தொடங்கிய சில மணி நேரத்துக்குள், டாக்டர் எழுதிய அளவைப் போடுவதில்தான் பலன்.

கூடுதல் மாத்திரைகளையோ, இந்த இரண்டு மருந்தையும் சேர்த்தோ ஏற்கெனவே சாப்பிட்டிருந்து, வாந்தி, பேதி, கைகால் தளர்ச்சி ஏதாவது தெரிந்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பேதி நின்றுவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று அர்த்தமில்லை, உறுப்புகள் பாதிக்கப்படுவது இரண்டாம் மூன்றாம் நாளில்தான் தெரியும். டயாலிசிஸ் செய்தாலும் இந்த மருந்தை வெளியேற்ற முடியாது.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அப்பா சாப்பிடும் அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். கோல்சிசின் யூரிக் அமிலத்தைக் குறைப்பதில்லை. வலி அடிக்கடி திரும்பினால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் போன்ற வேறு மருந்து தேவையா என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.