ஏசி கிளினிக் என்றால் பயமில்லையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை நோய் உண்டு. இரண்டு பல் எடுக்க வேண்டும், ஒரு பல்லுக்கு ரூட் கெனால் செய்ய வேண்டும் என்கிறார்கள். வாணியம்பாடியில் பல் சிகிச்சைக்குப் போனவர்கள் இறந்த செய்தியைக் கேட்டதிலிருந்து வரவே மாட்டேன் என்கிறார். நாங்கள் போகும் தனியார் கிளினிக் ஏசி, டிவி என்று நன்றாகத்தான் இருக்கிறது. கருவிகள் சுத்தமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ? - வாசகி, ஆம்பூர்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். முறையாகக் கிளினிக் நடத்துபவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கவே செய்யும். கோபித்துக்கொள்கிறார் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2023-இல் நடந்த அந்தச் சம்பவத்தில், பல் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா மூளையைத் தாக்கியதுதான் காரணம். மெலியாய்டோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர். ஆய்வில் தெரியவந்த விஷயம் மிகச் சாதாரணமானது. காயத்தைக் கழுவும் சலைன் பாட்டிலை, சுத்திகரிக்காத ஒரு கருவியால் திறந்து, பஞ்சை வைத்து அடைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். சலைனில் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் கிடையாது. திறந்துவிட்டால் அன்றைக்கு அந்த ஒருவருக்கு மட்டும்தான். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அதனால் பல் எடுக்கும் அன்று, "சலைன் புது பாட்டில்தானே டாக்டர்?" என்று முதலில் கேளுங்கள்.

மரத்துப்போகும் ஊசியிலும் இதே கவனம் வேண்டும். நம் ஊரில் பல கிளினிக்குகளில் அந்த மருந்து பலருக்குப் போடும் அளவுள்ள குப்பியில்தான் வருகிறது. அதில் தவறில்லை. ஆனால் ஊசியும் சிரிஞ்சும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். பாதியில் வலிக்கிறது என்று அம்மா சொன்னால் இன்னொரு டோஸ் போடுவார்கள் இல்லையா? அப்போது வாய்க்குள் போய்வந்த ஊசி மறுபடி குப்பிக்குள் போகக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி, சி போன்றவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக இந்த ஒரு வழி போதும்.

அடுத்து கருவிகள். வெந்நீரில் கொதிக்கவைப்பது போதாது, ஸ்பிரிட் வைத்துத் துடைப்பதும் போதாது. பாக்டீரியா தப்பிப் பிழைக்க எடுக்கும் கெட்டியான உறை வடிவத்துக்கு ஸ்போர் என்று பெயர். இரண்டுமே அந்த ஸ்போர்களை அழிக்காது. பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தத்தில் நீராவி தரும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தில் 121 டிகிரி நீராவியில் குறைந்தது 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் இருக்க வேண்டும். கருவிகளைப் பவுச்சில் போட்டு ஒட்டி உள்ளே வைப்பார்கள். அந்தப் பவுச்சை உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். பவுச்சில் உள்ள அடையாளக் கோடு நிறம் மாறியிருக்கும். ஆனால் அது பவுச் சூட்டில் இருந்தது என்பதை மட்டுமே காட்டும். கிருமி செத்ததா என்று தெரிய ஸ்போர் டெஸ்ட் தனியாகச் செய்ய வேண்டும், அதுவும் வாரம் ஒரு முறை. "கடைசியாக எப்போது செய்தீர்கள்?" என்று கேட்டால் தேதி சொல்லத் தெரிய வேண்டும். இதைச் செய்யாத பளபளப்பான கிளினிக்குகள் நிறைய. டைல்ஸுக்கும் டிவிக்கும் செலவழிப்பவர்கள் இதற்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள் என்பது என் ஆதங்கம்.

பல்லைக் குடையும் ஏரோட்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிற்கும்போது எச்சிலை உள்ளே இழுத்துக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. வெளியே துடைத்துப் பயனில்லை. ஒவ்வொருவருக்குப் பிறகும் கழற்றி ஆட்டோகிளேவில் போட வேண்டும். அதற்குத் தண்ணீர் வரும் மெல்லிய குழாய்களின் உட்புறத்தில் பாசி மாதிரி கிருமிப் படலம் படியும். ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவே 20, 30 விநாடி தண்ணீரைத் திறந்துவிட்டுப் பிறகே வாயில் வைக்க வேண்டும். குழாய்களையும் அவ்வப்போது மருந்திட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். எலும்பு தெரியும் அளவு அறுவை செய்யும்போது அந்தத் தண்ணீர் கூடவே கூடாது, ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) சலைன்தான். ரூட் கெனாலுக்கு ரப்பர் டேம் (அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்பு) கட்டுகிறாரா என்றும் கேளுங்கள். எச்சில் உள்ளே கசியாது, பல்லின் உள்ளே சுத்தம் செய்யும் சின்ன ஊசி தொண்டைக்குள் விழாது.

டாக்டரின் பதிவு எண், கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் இரண்டும் சுவரில் தொங்க வேண்டும். கிளினிக் பதிவு 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கட்டாயம். சான்றிதழ் இருந்தால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது, ஆனால் இல்லையென்றால் அங்கே உட்காரவே வேண்டாம்.

அம்மாவைப் பற்றி: சர்க்கரை நோயாளிகளுக்கு மெலியாய்டோசிஸ் உட்படப் பல தொற்றுகள் எளிதில் வரும். அதற்காகச் சீழ் பிடித்த பல்லை அப்படியே விட்டுவைப்பது இன்னும் ஆபத்து, சர்க்கரையும் கட்டுக்குள் வராது. சமீபத்திய எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி) அறிக்கையையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப்போங்கள். இவற்றைக் கேட்காமலே நாற்காலியில் உட்காரவைக்கும் டாக்டர் வேண்டாம். காலையில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரை போட்டுக்கொண்டு போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், நீங்களாக நிறுத்தாமல் அதைக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.

பல் எடுத்த பிறகு லேசான வீக்கம், வலி இரண்டு மூன்று நாள் இருக்கும். காய்ச்சலோடு கடும் தலைவலி, பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் கோணுதல் வந்தால் பல் டாக்டரிடம் போய் நேரத்தைக் கடத்தாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில வாரங்கள் கழித்து வந்தாலும் சரி, சமீபத்தில் பல் சிகிச்சை நடந்ததை அங்கே கட்டாயம் சொல்லுங்கள்.