பொறிவண்டுப் புழு அசுவினியைக் கண்டும் காணாமல் போகிறதா?

கேள்வி: அரை ஏக்கரில் தட்டைப்பயறு பூவெடுத்திருக்கிறது. கொழுந்திலும் பூங்காம்பிலும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அசுவினி அப்பிக் கிடக்கிறது. முதலைக்குட்டி போல ஊர்கிற புழுக்கள் பொறிவண்டினுடையவை, அசுவினியைத் தின்னும் என்று சொன்னார்கள், விட்டுவைத்தேன். அவையோ அசுவினிக்குப் பக்கத்தில் போய்விட்டுத் தொடாமல் திரும்புகின்றன. நம்பி இருக்கலாமா, மருந்து அடித்துவிடலாமா?

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான் ஐயா. அந்தப் புழுவுக்குப் பார்வை மட்டம். அசுவினி ஒரு நெல்மணி தூரத்தில் இருந்தாலும், பெரும்பாலும் வாயோ முன்காலோ முட்டினால்தான் அதற்குத் தெரியும்.

அதற்காகக் கண்டபடி அலைவதில்லை. இலை நரம்பையும் விளிம்பையும் ஒட்டியே நடக்கும். அசுவினியும் நரம்போரத்தில்தான் சாறு உறிஞ்சுகிறது. வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறுகிற பழக்கமும் உண்டு, அதனால் கொழுந்துக்கு வந்து சேரும். பசியில் இருக்கும்போது வேகமாக, ஏறக்குறைய நேராகப் போகும். ஒரு அசுவினியைத் தின்றதும் நடையே மாறிவிடும். வேகம் குறையும், தலையை இப்படியும் அப்படியும் வீசும், திரும்பித் திரும்பி அதே இடத்தைத் துழாவும். ஒன்று கிடைத்த இடத்தில் கூட்டமே இருக்கும் அல்லவா? கொஞ்ச நேரம் எதுவும் சிக்காவிட்டால் மறுபடி நேர்நடைதான். வெயில் ஏறுமுன் ஒரு செடியோரம் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், இரண்டு நடையும் தெரியும்.

தாய்வண்டு வேறு மாதிரி. அசுவினி தாக்கிய செடி விடுகிற வாசனையும், அசுவினி கழிக்கும் தேன்துளியின் வாசனையும் அதை இழுத்து வரும். ஆனால் தன் இனப் புழு நடந்த தடம் இருக்கும் இடத்தில் முட்டையிடத் தயங்கும். அதனால் எல்லாச் செடியிலும் புழு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

'திரும்புகின்றன' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். செடித்தூரில் எறும்பு வரிசை ஏறுகிறதா பாருங்கள். தேன்துளிக்காக அது அசுவினிக்குக் காவல் இருந்து, புழுவைக் கடித்து விரட்டும். ஏறினால் முதல் வேலை புற்றைத் தேடுவதுதான். வரப்பில் இருந்தால், பயிரின் வேரில் படாமல் கொதிநீர் ஊற்றுங்கள்.

மருந்து இப்போது வேண்டாம். பூத்த பயிரில் அடித்தால் தேனீயும் சாகும், வண்டும் சாகும்; அசுவினியோ இணை சேராமலே குட்டி போட்டுத் திரும்ப வந்துவிடும். புழுவோ மஞ்சள் முட்டைக் குவியலோ உள்ள செடிகளைத் தொடாதீர்கள். மற்றவற்றில், மொய்த்த நுனியைக் கிள்ளி அழியுங்கள், அல்லது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அதற்கும் அடங்காத செடிகளுக்கு மட்டும் மாலையில் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும்.

இன்றே ஐந்து செடிக்கு நூல் கட்டி, நுனியில் உள்ள அசுவினியைக் குத்துமதிப்பாக எண்ணி எழுதி வையுங்கள். நான்காம் நாள் திரும்ப எண்ணுங்கள். எறும்பும் இல்லை, கூட்டமும் குறையவில்லை என்றால் அந்தக் கணக்கோடு எழுதுங்கள். மருந்தைப் பற்றி அப்போது பேசலாம்.