அக்கா மகளைக் கட்டியவரின் கேள்வி: எல்லா ஜீனையும் பார்க்க வேண்டுமா?

“எங்களுக்கு ஊர் ஆந்திரா நகரி. அக்கா மகளைத்தான் கட்டியிருக்கிறேன். இரண்டு வயதுப் பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. அடுத்த குழந்தைக்கு முன் எல்லா ஜீனையும் பார்க்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். தறி ஓட்டிப் பிழைக்கிறவன் நான். அவ்வளவு செலவு தேவையா?”

முதலில் குழந்தையின் காது. ஜீன் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காது மெஷினோ, ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்டோ, பேச்சுப் பயிற்சியோடு உடனே தொடங்குங்கள். மொழி பிடிபடும் வயது இது, கைநழுவ விடக் கூடாது.

சரி, ஜீனுக்கு வருவோம். ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. உங்கள் அப்பா அம்மாவில் ஒருவரிடம் பிழையுள்ள ஜீன் ஒன்று இருந்திருந்தால், அது உங்களுக்கும் வந்திருக்கலாம், அக்கா வழியாக உங்கள் மனைவிக்கும் போயிருக்கலாம். இன்னொரு பிரதி நன்றாக இருப்பதால் உங்கள் இருவருக்கும் காது கேட்கிறது. குழந்தைக்கு மட்டும் இரண்டு பிரதியும் பிழையாக அமைந்திருக்கலாம். மாமன்–அக்கா மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தையின் மரபணுத் தொகுதியில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு, அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். 1987இல் எரிக் லேண்டர், டேவிட் பாட்ஸ்டீன் என்ற மரபியல் விஞ்ஞானிகள் இதையே தேடும் கருவியாக்கினார்கள். நோயுள்ள குழந்தையிடம் இப்படி ஒன்றாக இருக்கும் பகுதிகளுக்குள் தேடினால் போதும். அப்படித்தான் 1994இல், துனீசியாவின் உறவுத் திருமணக் குடும்பங்களை வைத்து, பிறவிக் காதுகேளாமைக்கான ஓரிடத்தை 13ஆம் குரோமோசோமில் கண்டார்கள். 1997இல் ஜீனே பிடிபட்டது: ஜிஜேபி2 (GJB2).

நம் நாட்டிலும் பிறவிக் காதுகேளாமைக்கு அடிக்கடி காரணமாகும் ஜீன் இது. சின்ன ஜீன், செலவும் குறைவு. அதனால் முதலில் இதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இதில் பிழை இருந்தால் காக்ளியர் இம்ப்ளாண்ட் பொதுவாக நன்றாகவே பலன் தரும் என்பது கூடுதல் ஆறுதல்.

இதில் பிடிபடாவிட்டால்தான் எக்ஸோம், அதாவது உங்களிடம் சொன்ன ‘எல்லா ஜீனையும் பார்க்கும்’ டெஸ்ட். அது சுமார் 20,000 ஜீன்களின் புரதம் செய்யும் பகுதிகளைப் படிக்கும். ஆயிரக்கணக்கில் மாறுதல்கள் வரும், அவற்றை வடிகட்ட உங்கள் இருவரின் ரத்தமும் வேண்டும். ‘பொருள் தெளிவில்லாத மாறுதல்’ என்று ரிப்போர்ட்டில் வந்தால், அதை மட்டும் நம்பிக் கருவைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். கர்ப்பகாலத் தொற்றாலும் காது போகும், அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

குழந்தையின் இரண்டு பிரதியிலும் பிழை உறுதியானால், அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் இதே குறை வர 25% வாய்ப்பு. பிழை உங்கள் இருவரிடமிருந்தும் சமமாக வந்தது, அதனால் வீட்டில் யாரும் உங்கள் மனைவியைக் குறை சொல்ல விடாதீர்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் மருத்துவ மரபியல் பிரிவு இருக்கிறது. கரு உண்டாவதற்கு முன்பே, மூன்று தலைமுறை உறவுமுறையை எழுதி எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து போங்கள்.