கேள்வி–பதில்: நிவாரண முகாமில் குடமும் குழந்தையும்

கேள்வி: வெள்ள நிவாரண முகாமில் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்துதான் கொடுக்கிறோம். ஆனாலும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. எங்கே தவறு?

பதில்: முதலில் பவுடரைப் பாருங்கள். புதுப் பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். மூட்டையைத் திறந்தே வைத்தால், ஈரமும் வெயிலும் பட்டு வீரியம் இறங்கிவிடும். கட்டிதட்டி, நெடி போன பவுடரில் கரண்டிக் கணக்கு செல்லாது.

அடுத்தது கலங்கல். சேற்றுத் தண்ணீரில் போட்ட குளோரின் சேற்றிலேயே தீர்ந்துபோகும். துகளுக்குள் இருக்கும் கிருமி தப்பிவிடும். படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் எடுங்கள்.

அளவை உத்தேசமாகப் போடவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 33 கிராம் புதுப் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டால், மேலே நிற்பது ஏறத்தாழ 1 சதவீதக் கரைசல். 20 லிட்டர் வாளிகள் நான்கில் அதை முறையே 2, 4, 6, 8 மில்லி ஊற்றிக் கலக்கி, மூடி, 30 நிமிடம் விடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் டி.பி.டி. மாத்திரையால் (குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனை மாத்திரை) சோதியுங்கள். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை மிச்சக் குளோரின் (கிருமியைக் கொன்றது போக மீந்திருப்பது) காட்டும் வாளியின் அளவே உங்களுக்கான அளவு. மழை பெய்தாலும், தண்ணீர் எடுக்கும் இடம் மாறினாலும் மறுபடி சோதிக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தால், குழாயடியை விட்டுக் கூடாரங்களுக்குப் போங்கள். மாலையில் குடத்துத் தண்ணீரைச் சோதித்தால் நிறமே வராது. பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கிறது. குடத்தின் அடியில் விரல் வைத்தால் வழுக்கும் பாசி, அகன்ற வாய், டம்ளரோடு உள்ளே போகும் கை: மிச்சக் குளோரினைத் தின்பவை இவை. மூடியுள்ள, வாய் குறுகிய கேன்கள் கொடுங்கள். குழாயடியிலேயே அவற்றைக் கழுவ ஏற்பாடு செய்யுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர், ஒரு குழாய்க்கு 250 பேர் என்கிறது நிவாரணப் பணிகளுக்கான சர்வதேச ஸ்பியர் நெறிமுறை. குடிக்க மட்டும் கொடுத்தால் கை கழுவத் தண்ணீர் மிஞ்சாது.

கேள்வி: உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தீர்ந்துவிட்டால்?

பதில்: சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

கேள்வி: ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டுபிடிக்கக் குழந்தையின் கையை அளக்கும் நாடாவைத் தாய்மாரிடமே கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். மாதம் ஒருமுறை வரும் பணியாளரைவிடத் தாய் சீக்கிரம் கண்டுபிடிப்பார். 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது பொருந்தும். சட்டைக் கையை விலக்கி, இடது தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில், கை தளர்ந்து தொங்கும்போது அளக்க வேண்டும். நாடா தோலில் படிந்தால் போதும். இறுக்கினால் சதை அமுங்கி, நல்ல குழந்தைகூடச் சிவப்பில் விழும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு: அன்றைக்கே சிகிச்சைக்கு அனுப்புங்கள். 12.5 வரை மஞ்சள்.

நாடாவோடு இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள். இரண்டு புறங்கால்களையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்தி எடுக்க வேண்டும். இரண்டிலும் குழி அப்படியே நின்றால் அது நீர்வீக்கம்; நாடா பச்சை காட்டினாலும் அது கடும் ஊட்டச்சத்துக் குறைவுதான். வீங்கிய முகத்தைக் கொழுகொழுவென்று நினைத்து விட்டுவிடும் குழந்தைகளைத்தான் நாம் தவறவிடுகிறோம்.